வேலியடியில் குழந்தை இயேசு

வியாழக்கிழமை முற்பகல் மாலக்கி படகுத்துறைச் சரிவில் ரப்பர் பூட்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹோட்டல்காரர்கள் கல்யாண விருந்தாளிகளுக்கு இரவல் கொடுக்கிற பூட்சுகள். வெளியே ஒட்டிய சேறு குழாயைத் திறந்து அடித்தாலே போய்விடும். உள்ளே இருப்பதுதான் பாடு. போட்டவன் காலுறை இல்லாமல் போட்டிருப்பான். மணலும் வியர்வையும் சேர்ந்து அடியில் களி மாதிரி படிந்துகிடக்கும். முழங்கை வரை கையை விட்டுத் துணியால் வழிக்க வேண்டும். வழித்து முடித்த பூட்சுகளைச் சுவரோரம் நட்டிருந்த முளைகளில் கவிழ்த்துச் செருகிக்கொண்டே வந்தார்.

முன்பு அந்தத் துறைக்கு மீன் வந்தது. மீன் ஆலையை மூடியபிறகு கல்யாணம் வந்தது. அயர்லாந்துக் கடற்கரையில் நின்று மோதிரம் மாற்றிக்கொள்ள வேண்டுமென்று அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வருகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு நாளில் காரியத்தை முடித்துவிடுவார்கள். கூட வந்த சனம் அப்படியில்லை. அது வாரம் முழுக்கத் தங்கும். அதற்குப் பொழுது போக வேண்டும். ஊரில் ஒருத்தி அவர்களைக் கடற்பாசித் தொட்டியில் குளிப்பாட்டினாள். ஒருவன் மட்டக்குதிரையில் ஏற்றி மணலில் நடத்திக் கூட்டிவந்தான். தபால்காரர் சாயங்காலத்தில் ஆட்டம் கற்றுக்கொடுத்தார். மாலக்கிக்கு வாய்த்தது படகு. கடல்நாய்கள் படுத்திருக்கும் தீவுக்குக் கூட்டிப்போய், இறக்கி, சாப்பிட வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது. படகு ஃபிண்டனுடையது. அதை ஓட்டுகிறவன் டோனால். மாலக்கி கயிறு பிடிப்பார், பூட்சு கழுவுவார், ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் கை கொடுப்பார். ஆலை மூடி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது இந்த வேலை வந்ததற்கு அவர் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஃபிண்டன் வண்டியை விட்டு இறங்கி வந்த நடையைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் தட்டியது. முதலாளி இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மெதுவாக வந்தால் நல்ல சேதி இருக்காது.

சேதி இதுதான். முந்தின சாயங்காலம் டோனால் படகை இழுக்கக் கயிறு சுற்றுகிற விஞ்சில் கையைக் கொடுத்துவிட்டான். விரல் பிழைத்தது, மணிக்கட்டு போயிற்று, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை ஹோட்டலிலிருந்து ஒரு பெரிய கூட்டம் தீவுக்குப் போக வேண்டும். ஃபிண்டனுக்குப் படகு உண்டு, ஆள் ஏற்றி ஓட்டுகிற உரிமம் இல்லை. டோனாலை விட்டால் அந்தத் துறையில் உரிமம் இருப்பது மாலக்கிக்குத்தான்.

"நாளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாம இல்லண்ணே," என்றான் ஃபிண்டன்.

"தெரியுதில்ல? என்னன்னு சொல்லு பாப்போம்."

ஃபிண்டன் முளைகளில் தலைகீழாக நிற்கும் பூட்சுகளைப் பார்த்தான். "ஏடினுக்குக் கல்யாணம்."

மாலக்கி ஈஸ்டர் சமயத்திலேயே இந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பகல் பன்னிரண்டுக்குக் கோயில். படகு பத்துக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குத்தான் திரும்பும். விடிகாலையில் போய் வந்துவிடலாமே என்று கேட்டார். அவர்கள் எழுந்து பசியாறவே ஒன்பதாகிவிடும் என்றான் ஃபிண்டன். சாமியாரைக் கேட்டுக் கல்யாணத்தைத் தள்ளிவைக்க வழியுண்டா என்று அவன் கேட்டான். இந்த முனையில் உள்ள அத்தனை கோயிலுக்கும் ஒரே சாமியார், பிற்பகலில் அவருக்கு வேறு ஊரில் அடக்கம் இருக்கிறது, செத்தவனைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா என்றார் மாலக்கி. ஃபிண்டன் போக மனமில்லாமல் நின்றான். இந்த முறை படகு போகவில்லையென்றால் ஹோட்டல்காரர்கள் அடுத்த விரிகுடாவிலிருந்து வேகப் படகுக்காரர்களைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், கூப்பிட்டால் அவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள் என்றான். அது பொய்யில்லை என்று மாலக்கிக்குத் தெரியும்.

"கடல் அடிச்சா விட்டுருவேண்ணே. சத்தியமா. நானே வேணாம்னு சொல்லிருவேன்."

"கடல்கிட்ட சொல்லி வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மாலக்கி அடுத்த பூட்சுக்குள் கையை விட்டார்.

*

வீட்டில் ஏடின் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஹோட்டலில்தான் வேலை, அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரிப்பவள். சமையலறை மேசையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, முதலில் தன் கல்யாண முகத்திரையை மெல்லிய துணிக்கு அடியில் வைத்துத் தேய்த்தாள். அது முடிந்ததும் அதே சூட்டில் தன் நீலச் சீருடையைத் தேய்த்தாள். சனிக்கிழமை அமெரிக்கர்களின் கல்யாணம், எல்லோரும் வேலைக்கு வந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு விடுப்புக் கிடைத்ததே பெரிது. கல்யாண ராத்திரியைத் தோழி ஒருத்தி இரவல் கொடுத்த வண்டிவீட்டில் கழித்துவிட்டு இரண்டு பேரும் நேரே வேலைக்குப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை ஜில்மரும் அங்கேதான் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவன். பிரேசில்காரன். சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில் வந்து, தேய்த்த சீருடையை ஒரு ஹேங்கரில் மாட்டித் தூக்கிக்கொண்டு போனான். அவளுடைய ஆணியில் தொங்கவிட்டுவிடுவதாகச் சொன்னான். அவன் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு ஒரு சனமும் வரவில்லை. விமானத்துக்கு ஆகிற செலவில் அவன் அம்மா அங்கே ஒரு கூரை போட்டுவிடுவாள்.

சேதியை மாலக்கி உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்.

"மாட்டேன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே," என்றாள் அவர் மனைவி பிரீடா. சொல்லி முடிக்கும்போதே அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு தேநீர் விருந்துக்குச் சின்ன அறையை ஹோட்டல்காரர்கள் சும்மா கொடுத்திருந்தார்கள். புதன்கிழமைக் கல்யாணத்தில் மிஞ்சிய பூக்களைக் குளிர்ப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார்கள். கோயிலிலிருந்து வரச் சின்னப் பேருந்தும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விருந்தாளிகளைக் கவனிக்கிற கிரான்யா என்ற பெண்தான் மேலே பேசி எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். பிரீடா அவளுக்கு ஒரு பழக் கேக் செய்து கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"கோயிலுக்குள்ள என்னை மாமா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரட்டும்பா," என்றாள் ஏடின். "மாமாவுக்கும் ஆசையாத்தான் இருக்கும்." தேய்த்த முகத்திரையை அவள் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

குழந்தை இயேசு அதற்கு முன்பே வெளியே போயிருந்தார். அந்தக் கரையில் எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படித்தான். முந்தின நாள் பொழுது சாயும் முன் குழந்தை இயேசு சுரூபத்தைத் தோட்டத்து வேலியடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சாமி வெளியே நின்றால் மழையும் காற்றும் அடங்கி நிற்கும். அதிலும் தலை போன சுரூபத்துக்குச் சக்தி அதிகம். ஆனால் தலை தானாகப் போயிருக்க வேண்டும். அடுத்த தெருவில் ஒருத்தி பிள்ளை கல்யாணத்துக்கு என்று சுத்தியலால் தட்டித் தலையை எடுத்தாள். அன்றைக்கு ஆலங்கட்டி விழுந்தது. மாலக்கி வீட்டுச் சாமிக்கு ஏடின் நடை பழகும்போதே கழுத்து போய்விட்டது. அலமாரியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டாள். மாலக்கி படகுக்குப் பூசுகிற பிசினை வைத்துத் தலையை ஒட்டினார். அது கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து சாமி யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் இரவல் கேட்டு வாங்கிப்போவார்கள்.

ரேடியோவில் வானிலை சொன்னார்கள். தெளிந்த வானம், இலேசான காற்று. மாலக்கிக்கு ரேடியோக்காரர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரும் மேற்கே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வானம் வெண்ணெய் தடவின மாதிரி இருந்தது. காலையில் கடல் தட்டில் ஊற்றின தண்ணீராகத்தான் கிடக்கும்.

சாப்பாடு முடிந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கோழியை அடைத்துவிட்டு வருவதாகச் சொல்லி மாலக்கி மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மழையில்லாத நாளில் மழைக்கோட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கோழிக்கூட்டைச் சாத்தினார். அப்புறம் வேலியோரமாக நடந்து, மூலையில் சிவப்புப் பூ தொங்கும் செடிக்கு அடியில் குனிந்தார். எடுத்துக் கோட்டுக்குள் மறைத்துக் கரிக்கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிடுவது, காலையில் யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். பெற்ற மகள் கல்யாணத்தில் மழை பெய்யட்டும் என்று நினைக்கிற தகப்பன் உண்டா என்றும் யோசித்தார். புல்லை விலக்கிப் பார்த்தார்.

சாமி இல்லை. புல் வட்டமாக அமுங்கியிருந்த இடம் மட்டும் இருந்தது.

நரி சுரூபத்தைத் தூக்காது. பக்கத்து வீட்டுக்காரன்மேல் சந்தேகப்பட்டார், அவன் எதையும் தூக்குவான். வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். திரும்பிச் சமையலறைக்குள் நுழைந்தபோது பிரீடா தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் சோப்பு நுரைக்கு நடுவே குழந்தை இயேசு இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அழுக்கா இருந்துச்சு," என்றாள் பிரீடா திரும்பாமல். "கல்யாண வீட்டுல சாமி இப்படியா அழுக்கா நிக்கிறது?"

"ஆமா, அழுக்காத்தான் இருந்துச்சு," என்றார் மாலக்கி.

"நீங்க எதுக்கு மழைக்கோட்டு போட்டிருக்கீங்க?"

"கோழி அடைக்க."

அப்போது ஏடின் தலையில் சுருட்டிகளோடு உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். அப்பாவின் கோட்டைப் பார்த்தாள். கொடியிலிருந்து துண்டை எடுத்துச் சாமியை வெளியே தூக்கி, மடிப்பு மடிப்பாக உள்ள அங்கியின் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தாள். கழுத்தில் பிசின் தடித்திருந்த இடத்தையும் துடைத்தாள். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைத்தாள். அந்த வீட்டில் அதைவிடச் சூடான, உலர்ந்த இடம் கிடையாது.

"சளி பிடிச்சிரப் போகுது அவருக்கு," என்றாள்.



*

காலையில் வானம் தெளிவாக இருந்தது. மாலக்கி கோட்டுசூட்டை ஒரு பையில் மடித்து எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். எதற்கு எடுத்துப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எஞ்சினைத் திறந்து எண்ணெய் பார்த்தார். இருக்கைகளைத் துடைத்தார். உயிர்காப்புச் சட்டைகளை எடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் காற்று மாறி, துறை முகப்பில் கட்டியிருந்த மிதவை தெற்கே திரும்பியதை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் அதை நம்பவில்லை. மறுபடியும் குனிந்து துடைத்தார்.

பேருந்து வந்து நின்றபோது முதல் தூறல் விழுந்தது. விருந்தாளிகள் சத்தமும் சிரிப்புமாக இறங்கிப் பூட்சு மாட்டிக்கொண்டார்கள். தூறலுக்காகப் படகு நிற்காது. எத்தனையோ கூட்டத்தை நனைத்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மாலக்கி சரிவின் நுனியில் நின்று ஒரு பெரியம்மாவுக்குக் கை கொடுக்கத் தயாரானபோது பின்னாலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. திரும்பிப் பார்த்தார். துறைவாயின் இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறை வரைக்கும் கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. தீவு இருந்த இடத்தில் தீவு இல்லை. மழை ஒரு சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. கடலைப் பற்றித் தானாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தார். சொன்னால் ஆதாயத்துக்குச் சொன்னதாகிவிடும். ஃபிண்டனைப் பார்த்தார். ஃபிண்டன் துறைவாயைப் பார்த்தான், விருந்தாளிகளைப் பார்த்தான், கிரான்யாவைப் பார்த்தான். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"கயித்தைக் கட்டுங்கண்ணே," என்றான். "இன்னிக்கு இல்ல."

மாலக்கி கயிற்றைக் கட்டினார். தொப்பியைக் கழற்றி, மழை தலையில் விழும்படி கொஞ்ச நேரம் நின்றார். எத்தனையோ வருஷமாக அவருக்குச் சோறு போட்ட கடலும், எத்தனையோ தடவை ஏமாற்றிய கடலும் ஒன்றுதான். அன்றைக்கு அதைப் பார்த்து நன்றி என்று வாய்விட்டே சொன்னார்.

கை கொடுக்க இருந்த பெரியம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். பச்சை மழைக்கோட்டு, நனைந்த வெள்ளை முடி. படகு போகவில்லை என்றதும் எல்லோர் முகமும் தொங்கியிருக்க, படகுக்காரர் மட்டும் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டாள். மாலக்கி யாரிடமும் வீட்டு விஷயம் பேசுகிறவர் அல்ல. அதிலும் விருந்தாளிகளிடம் கடல்நாயைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. அன்றைக்கு மனசு தளும்பிக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம்மா," என்றார். "பன்னெண்டு மணிக்கு. இந்தா, அந்தக் கோயில்லதான்." கையை நீட்டிக் குன்றின்மேல் காட்டினார். பையைத் திறந்து கோட்டுசூட்டையும் காட்டினார்.

பெரியம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அவள் இன்னொருவனிடம் சொன்னாள். சரிவு முழுக்கச் சேதி ஏறிப் போனது. கிரான்யா மழையில் தொலைபேசியைக் கோட்டுக்குள் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். படகு நின்றதற்கு ஹோட்டல் மேலிடத்தில் யாரோ அவளைத் திட்டியிருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன. குதிரைக்காரன் வரமாட்டான், ஆட்டம் கற்றுக்கொடுக்கிறவர் தபால் கொடுத்துக்கொண்டிருக்கிறார், கடற்பாசித் தொட்டியில் இரண்டு பேருக்குமேல் உட்கார முடியாது. இத்தனை பேரை நாள் முழுக்க என்ன செய்வது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்து, நிஜமான அயர்லாந்துக் கல்யாணம் ஒன்று இருக்கிறதாமே, பார்க்கப் போகலாமா என்று கேட்டான்.

அவள் மாலக்கியிடம் வந்தாள். கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றாள்.

"பின்னாடி உக்காந்து பாத்துட்டு வந்துருவாங்க, மாலக்கி. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. எனக்குப் பெரிய உபகாரமா இருக்கும்."

சின்ன அறையை வாங்கிக் கொடுத்தவள். பூவை எடுத்து வைத்தவள். "கோயில் எல்லாருக்கும் பொதுதானே மேடம்," என்றார் மாலக்கி. "வரட்டும். கூட்டம் இருந்தா நல்லதுதான்."

*

ஏடின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றபோது உள்ளே பார்த்துத் திகைத்துவிட்டாள். பெண் வீட்டுப் பக்கத்தில் அத்தை, மாமா, ஹோட்டலில் வேலை முறை இல்லாத இரண்டு மூன்று பேர். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் காலியாக இருக்கும் என்று நினைத்து முதல்நாள் ராத்திரி அழுதிருந்தாள். அந்தப் பக்கம் பலிபீடம் வரை ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். எல்லோரும் ரப்பர் பூட்சு போட்டிருந்தார்கள். மாலக்கி கழுவிய பூட்சு. மழைக்கோட்டிலிருந்து வடிந்த தண்ணீர் இருக்கைகளுக்கு அடியில் ஓடியது.

"யாருப்பா இவங்கல்லாம்?"

"ஜில்மர் சனம்னு வச்சுக்க," என்றார் மாலக்கி.

நடக்கும்போது இரண்டு பக்கமும் கைகள் எழுந்தன, எல்லாக் கையிலும் ஒரு கேமரா. மாலக்கி நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பலிபீடத்துக்கு முன்னால் ஜில்மர் தன் பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் நீர் நின்றது. பூசை தொடங்கியபோது அந்தப் பெரியம்மா எழுந்து அவனருகே போய் அவனுடைய தொலைபேசியைக் கேட்டு வாங்கினாள். அதில் அவன் அம்மா தெரிந்தாள், தலையில் பூப்போட்ட துணி. பூசை முடிகிறவரை பெரியம்மா அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்க ஆரம்பித்ததும் இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோது தரவில்லை. பிரீடா அதைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்தாள். மோதிரம் போட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கோயிலில் அப்படிக் கைதட்டி யாரும் கேட்டதில்லை. சாமியார் தடுக்கவில்லை, அவரும் சிரித்தார்.

வெளியே வந்தபோது மழை கொட்டியது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசற்படியில் இறங்கினார்கள். அரிசி தூவினார்கள், அரிசி நனைந்து தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. பின்னால் மாட்டிக்கொண்ட சிலர் தங்களுக்குப் படம் கிடைக்கவில்லை என்றார்கள். இன்னொருமுறை உள்ளே போய் வெளியே வர முடியுமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். கிரான்யா கேட்டாள். ஏடின் சிரித்துக்கொண்டே ஜில்மரை இழுத்துக்கொண்டு உள்ளே போய், மறுபடியும் கல்யாணமாகி வெளியே வந்தாள்.

அதற்குள் கிரான்யா மாலக்கியை ஓரமாகக் கூப்பிட்டாள். தீவில் சாப்பிடுவதாக இருந்த சாப்பாடு எல்லாம் ஹோட்டலில் தயாராக இருக்கிறது, இந்த மழையில் வெளியே போட முடியாது, பெரிய கூடத்தில் நாளைக்கான அலங்காரம் நடக்கிறது. இருப்பது சின்ன அறை ஒன்றுதான். மேலே இப்போதுதான் சொன்னார்கள். அவள் பேசும்போது மழை அவள் மூக்கு நுனியில் வடிந்தது.

"வேலைக்காரங்க கேன்டீன்ல எல்லாம் போடச் சொல்லிட்டேன், மாலக்கி. பூவும் அங்க வந்துரும். பேருந்து மட்டும்... இவங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

மாலக்கி அவளைப் பார்த்தார். மழை வேண்டும் என்று கேட்டதே அவர்தான்.

"கேன்டீன் அடுப்புப் பக்கத்துலதானே," என்றார். "டீ சூடா இருக்கும். ரொம்ப நன்றி மேடம்."

பேருந்தின் படி உயரம். விருந்தாளிகள் சகதியில் வழுக்கினார்கள். மாலக்கியின் கை தானாக நீண்டது. முழங்கைக்குக் கீழே ஒரு கை, உள்ளங்கையில் ஒரு கை, பார்த்து வாங்க, தலை பத்திரம். படகில் ஏற்றுகிற மாதிரியே ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். அவர்கள் மனசாரச் சொன்னார்கள். இந்தப் பயணத்திலேயே இதுதான் நல்ல நாள் என்றார்கள். பெரியம்மா அவர் கன்னத்தைத் தொட்டாள். கடைசியாக ஏறியவன் கைகொடுக்கும்போது மடித்த நோட்டு ஒன்றை உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போனான். மாலக்கி வழக்கம்போல நன்றி சொன்னார். கதவு சாத்தியபிறகும் கை நீண்டபடியே இருந்தது. எதிரே பிரீடா தொப்பி நனைந்து நின்றாள்.

"எங்கிட்ட சில்லறை இல்ல," என்றாள்.

ஃபிண்டன் தன் சாமான் வண்டியைக் கோயில் வாசலுக்குப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே டீசலும் மீன் இரையும் நாறின. உயிர்காப்புச் சட்டைகளை அடுக்கி ஏடினுக்கு இருக்கை போட்டான். அவள் ஏறுகிற வரை தன் கோட்டை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி நகர்ந்ததும் இருட்டில் பிரீடா சிரிக்க ஆரம்பித்தாள்.

"நம்ம எல்லாரும் நனைஞ்சாச்சு. அவரு மட்டும் அடுப்பு மேல காஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

ஜில்மருக்குப் புரியவில்லை. ஏடின் அவன் காதில் சொன்னாள். அவனும் சிரித்தான். வண்டி ஹோட்டலைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனது.

பின்வாசலில் சமையலறை ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று கரண்டியால் சட்டிகளைத் தட்டினார்கள். கழுவுகிறவன் கல்யாணம் என்று பெரிய அண்டாவையே ஒருவன் உருட்டிக்கொண்டு வந்திருந்தான். தட்டி முடித்து உள்ளே ஓடினார்கள், சின்ன அறைக்குச் சாப்பாடு போக வேண்டும். கேன்டீனில் மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. புதன்கிழமைப் பூக்கள் நடுவில் இருந்தன. ஓரம் கறுத்த இதழ்களை யாரோ பொறுமையாகக் கிள்ளி எடுத்திருந்தார்கள். கேக் இருந்தது. தேநீர் சூடாக இருந்தது. மாலக்கி இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் பாடுகிற சத்தம் கேட்டது. மகள் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றாயிற்று. அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஏடின் உட்காரும் முன் முகத்திரையைக் கழற்றினாள். அது நனைந்து கயிறாகத் திரண்டிருந்தது. சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். பழக்கத்தில் தன் ஆணிக்குப் போய் மாட்டினாள். அடியில் ஜில்மர் கொண்டுவந்து தொங்கவிட்ட நீலச் சீருடை இருந்தது. இரண்டு எட்டு வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். முகத்திரையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீருடையின் தோளில் ஒரு கறை மாதிரி பரவிக்கொண்டிருந்தது. வேகமாகப் போய் முகத்திரையை எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். எல்லா ஆணியிலும் நாளைக்கான சீருடைகள் தொங்கின. கடைசியில் அதைச் சுருட்டி, கதவோரம் நனைந்த பூட்சுகள் கிடந்த தரையில் வைத்தாள். பிறகு துண்டை எடுத்துச் சீருடையின் ஈரத் தோளை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.